கிழக்கு பார்த்த கடற்கரை: சார்டினியாவில் ஒரு நாள் படகுப் பயணத்திற்கு வழிகாட்டி

மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு சார்டினியா. இத்தாலிக்கு உட்பட்ட இத்தீவின் கிழக்குக் கரையில், ஒரோசெய் வளைகுடா என்னும் சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள கடலோரம் இருக்கிறது. சூப்பரமோந்தே என்று அழைக்கப்படும் சுண்ணாம்புக்கல் மலைத்திரள் அங்கே வந்து கடலில் செங்குத்தாக முடிகிறது. பல நூறு மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறைச் சுவருக்குக் கீழே சாலை போட இடமே இல்லை. மலை ஓடைகள் சுவரை அறுத்துக்கொண்டு கடலைத் தொடும் இடங்களிலும், பாறை சரிந்து விழுந்த இடங்களிலும் மட்டும் சிறு சிறு மணற்கரைகளும் கூழாங்கற் கரைகளும் உண்டாகியிருக்கின்றன. ‘காலா’ என்று இத்தாலியர்கள் சொல்லும் இந்தக் குடாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் போக இரண்டே வழிகள்தாம் உண்டு: மலைப்பாதையில் மணிக்கணக்காக நடக்கலாம், இல்லையேல் படகு ஏறலாம்.

நான் முதன்முறை போனபோது, காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து, விலை குறைவாகக் கிடைத்த பிற்பகல் பயணம் ஒன்றில் ஏறினேன். சீட்டு விற்றவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மாலை நான்கு மணியைத் தாண்டிக் காலா மரியோலுவில் இறங்கியபோது, படங்களில் பார்த்த அந்தப் பச்சை கலந்த நீலத்தைக் காணவில்லை. மலையின் நிழல் கரையை மூடி நீருக்குள்ளும் இறங்கியிருந்தது. தண்ணீர் ஈயம் போலக் கிடந்தது. குளித்தவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். கிழக்கு பார்த்த கரை, பின்னால் உயர்ந்த மலை, ஆகவே வெயில் இங்கே காலைக்கு உரியது. வீடு வாங்கும்போது எந்தத் திசை பார்த்த வாசல் என்று கேட்கும் நாம், கடற்கரைக்குப் போகும்போது அதைக் கேட்பதில்லை. எந்தப் படகில் ஏறுவது, எந்த நேரத்தில் புறப்படுவது, எந்தக் குடாவை முதலில் பார்ப்பது, எந்தக் காற்றுக்கு அஞ்சுவது ஆகிய எல்லாக் கேள்விகளுக்கும் இந்தக் கரையின் திசையே விடை சொல்லிவிடுகிறது. கீழே வருவனவற்றை அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதற்படி: மாதத்தையும் ஊரையும் முடிவு செய்தல்

படகுகள் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. ஏப்ரலிலும் மே மாதத்திலும் மலை பசுமையாகவும் கரை வெறுமையாகவும் இருக்கும். ஆனால் கடல் குளிரும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் இத்தாலியே விடுமுறையில் இங்கு வந்து இறங்கிவிடும், குறிப்பாக ஆகஸ்ட் 15 அன்று வரும் ஃபெர்ரகோஸ்தோ என்னும் பெருவிடுமுறையை ஒட்டிய இரு வாரங்களில் விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் ஜூன் மாதத்தையோ செப்டம்பரின் முதற்பாதியையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பகல் நீளம். செப்டம்பரில், கோடை முழுவதும் வாங்கிய சூட்டைக் கடல் இன்னும் விட்டிருக்காது. நீச்சல் உங்களுக்கு முதன்மை என்றால் செப்டம்பர்தான் என்பது என் கருத்து.

படகு ஏறும் ஊர்கள் பல இருந்தாலும், புதியவர்கள் இரண்டைப் பற்றி அறிந்திருந்தால் போதும். வடக்கே தொர்காலி ஊராட்சியைச் சேர்ந்த காலா கொனோனே. தெற்கே பவுனெய் ஊராட்சியைச் சேர்ந்த சாந்தா மரியா நவரேசே. காலா லூனாவும் புவே மரீனோ என்னும் கடற்குகையும்தாம் உங்கள் ஆசை என்றால் காலா கொனோனே பக்கம். காலா மரியோலுவும் காலா கொலோரிட்சேயும் போதும் என்றால் சாந்தா மரியா நவரேசே பக்கம், கடல்வழித் தூரமும் குறையும். முதன்முறை வருபவர்களுக்குக் காலா கொனோனேயைத்தான் பரிந்துரைப்பேன். அங்கே படகு நிறுவனங்கள் துறைமுகத்தில் வரிசையாக இருப்பதால் தேர்வுக்கு இடமுண்டு, ஒன்றில் இடமில்லை என்றால் அடுத்ததில் கேட்கலாம்.

ஓல்பியா விமான நிலையத்திலிருந்து காலா கொனோனேக்குச் சுமார் 110 கிலோமீட்டர். காரில் ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். இத்தாலியின் பெருநிலத்திலிருந்து கப்பலில் வருபவர்களும் ஓல்பியாவிலேயே இறங்கலாம். தொர்காலியைத் தாண்டியதும் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை ஒன்று வரும். அதன் மறுபுறம் வெளிவந்த உடனே கடல் முழுவதும் காலடியில் விரிய, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சாலை கீழே இறங்கும். கார் இல்லாதவர்கள் நூவொரோ நகரம் வரை வந்து, அங்கிருந்து ஆர்ஸ்ட் என்னும் பொதுப் பேருந்தைப் பிடிக்கலாம். ஆனால் காலைப் படகைப் பிடிக்க வேண்டும் என்பதால், முந்தின இரவே காலா கொனோனேயில் தங்கிவிடுவதுதான் நல்லது. பேருந்தை நம்பி அன்று காலையில் கிளம்புவது சூதாட்டம்.

இரண்டாம் படி: படகைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே மூன்று வகைப் படகுகள் உண்டு. இவற்றில் எது உயர்ந்தது என்பதைவிட, உங்கள் குழுவில் நீந்தத் தெரியாதவர் யார், முழங்கால் வலிக்காரர் யார், கைக்குழந்தை உண்டா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

முதல் வகை, நூற்றுக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய பெரிய பயணிகள் படகு. விலை குறைவு, கழிப்பறை உண்டு, நிழற்கூரை உண்டு, அலையில் அதிகம் ஆடாது. முக்கியமாக, இது கரையிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். ஆனால் நேரம் உங்கள் கையில் இல்லை. நூறு பேரோடு இறங்கி நூறு பேரோடு ஏற வேண்டும். நீந்தத் தெரியாத பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவது, ஓட்டுநரோடு வரும் ரப்பர் படகு. காற்று அடைத்த பக்கங்களைக் கொண்ட இதை இத்தாலியில் ‘கொம்மோனே’ என்பார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் போகலாம். ஓட்டுநர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராக இருப்பார். பெரிய படகு நுழைய முடியாத சிறு குகைகளின் வாய்வரை கொண்டுபோய் நிறுத்துவார், எந்தக் கரையில் எப்போது கூட்டம் வடியும் என்பதை அறிந்து வரிசையை மாற்றுவார். செலவு கூடுதல்தான், எனினும் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, குழுவில் எல்லோரும் ஓரளவு நீந்துவார்கள் என்றால், இந்தச் செலவு வீண்போகாது. முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். வேகமாகப் போகும்போது ஒவ்வொரு அலையும் முதுகுத்தண்டில் வந்து இடிக்கும்.

மூன்றாவது, நீங்களே ஓட்டும் வாடகை ரப்பர் படகு. இத்தாலியச் சட்டப்படி 40.8 குதிரைத்திறன் வரையிலான இன்ஜின் பொருத்திய படகை, கரையை ஒட்டிய கடலில், உரிமம் இல்லாமலே ஓட்டலாம். இது கேட்கும்போதே ஆசையைத் தூண்டும். ஆனால் இதற்கு முன் படகின் சுக்கானையே தொடாதவர், கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு 20 கிலோமீட்டர் போகத் துணிய வேண்டாம். எரிபொருளுக்குத் தனிக் காசு, பிணைத்தொகை தனி என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் தெரியும் விலை பெரும்பாலும் வெறும் படகுக்கானது.

எந்த வகையானாலும் பதிவு செய்யும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குத் திரும்புவது? எந்தெந்தக் குடாவில் கரையில் இறங்கலாம், எங்கே நீரிலிருந்து பார்ப்பது மட்டும்? குகை நுழைவுச்சீட்டு விலையில் அடங்குமா? கடல் மோசமானால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா? இரண்டாவது கேள்விதான் மிக முக்கியம். விளம்பரத்தில் ‘ஆறு குடாக்கள்’ என்று இருக்கும், அவற்றில் நான்கைப் படகில் உட்கார்ந்தபடியே கடந்து போவார்கள்.

மூன்றாம் படி: காற்றைப் பார்த்து நாளைக் குறித்தல்

நம் மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயரைக் காற்றுக்கு வைத்திருப்பதைப் போலவே, மத்தியதரைக் கடலோரத்தாரும் வைத்திருக்கிறார்கள். வடமேற்கிலிருந்து வருவது மாயெஸ்த்ராலே, வடகிழக்கிலிருந்து கிரெகாலே, கிழக்கிலிருந்து லெவாந்தே, தென்கிழக்கிலிருந்து, ஆப்பிரிக்காவின் வெம்மையையும் சில சமயம் செம்மண் தூசியையும் சுமந்துகொண்டு வருவது ஷிரோக்கோ. தீவின் மேற்குக் கரையைப் புரட்டிப் போடும் மாயெஸ்த்ராலே, இந்தக் கிழக்குக் கரையில் மலைக்குப் பின்னால் அடங்கிவிடுகிறது. ஆகவே தீவு முழுவதும் ‘இன்று கடல் மோசம்’ என்று சொல்லும் நாளில்கூட இங்கே தண்ணீர் தட்டுப்போல் இருக்கலாம். அதனால் ஏமாந்துவிடவும் கூடாது: ஓடைப் பள்ளத்தாக்குகளின் வழியே அக்காற்று திடீர் திடீரென்று இறங்கி, இலேசான ரப்பர் படகைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளக்கூடும்.

நமக்கு உண்மையான எதிரிகள் மற்ற மூன்றும்தான். கிரெகாலேயோ லெவாந்தேயோ ஷிரோக்கோவோ வீசினால் அலை நேராகக் குடாக்களுக்குள் வந்து மோதும். பெரிய படகும் கரையில் இறக்க முடியாமல் போகும். காற்று நின்ற பிறகும் அலை உடனே அடங்காது, ஒரு நாளேனும் எடுத்துக்கொள்ளும் என்பதால், ‘நேற்றுக் காற்று, இன்று இல்லை’ என்பதை வைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். விண்டி போன்ற செயலியில் காற்றின் திசையோடு அலையின் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் குறைந்தது மூன்று நாள் தங்கும்படி திட்டமிட்டு, முதல் நாளுக்கே படகைப் பதிவு செய்துவிட்டால், அன்று கடல் ஒத்துழைக்காவிட்டாலும் மாற்றிக்கொள்ள இரு நாள் கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தவர்கள்தாம் வருந்துவார்கள்.

இன்னொன்று: காற்றே இல்லாத கோடை நாளிலும், நிலம் சூடேறிய பின் நண்பகல் வாக்கில் கடலிலிருந்து கரைநோக்கி மெல்லிய காற்று எழும், நீர்ப்பரப்பு சிறு சிறு அலையாகச் சிலிர்க்கும். தண்ணீர் கண்ணாடியாக இருப்பது காலையில்தான். வெயில் காலைக்கு உரியது என்று முன்பு சொன்னேன், அமைதியும் அப்படியே.

நான்காம் படி: பையில் வைக்க வேண்டியவை

காலா லூனாவில் பருவகாலத்தில் உணவகம் உண்டு. மற்றக் குடாக்களில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். பெரும்பாலான கரைகள் மணல் அல்ல, கூழாங்கல். நண்பகலில் அவை அடுப்புக்கல் போலச் சுடும், நீருக்குள்ளோ வழுக்கும். ஆகவே நீரிலும் போட்டுக்கொண்டு இறங்கக்கூடிய ரப்பர் செருப்பு ஒரு சோடி வேண்டும். பட்டையில்லாத வீட்டுச் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். தொப்பி, சன்ஸ்கிரீன், முழுக்கைச் சட்டை, நீர் புகாத பை, நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி, கடவுச்சீட்டின் நகல், சிறிது ரொக்கம் ஆகியவற்றோடு, குமட்டல் வரக்கூடியவர்கள் மருந்தைப் புறப்படுவதற்கு அரை மணி நேரத்திற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

சாப்பாட்டுக்கு உள்ளூர்க் கடையில் ‘பானே கரசாவு’ வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய அப்பளம்போல் மெல்லியதாய், மொறுமொறுப்பாய் இருக்கும் ரொட்டி இது. மாதக்கணக்கில் மலையில் ஆடு மேய்க்கப் போன இடையர்கள் கெடாமல் எடுத்துச் சென்ற உணவு என்பதால் படகுக்கும் பொருந்தும். தக்காளியும் ஆலிவும் பெக்கொரீனோ என்னும் ஆட்டுப்பாற்கட்டியும் சேர்த்தால் வேளை முடிந்தது. கண்டிப்பான சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மரபுவழிப் பெக்கொரீனோவில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள்.

ஐந்தாம் படி: துறைமுகத்தில் காலை நேரம்

புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். இத்தாலியில் நீலக்கோடு போட்ட இடத்தில் காரை நிறுத்தினால் கட்டணம், வெள்ளைக்கோடு இலவசம்; வெள்ளைக்கோட்டு இடங்கள் எட்டு மணிக்கெல்லாம் நிறைந்துவிடும், அதன்பின் மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி நடக்க வேண்டும்.

காலா கொனோனேயிலிருந்து படகு தெற்கு நோக்கிப் போகும். கரை வலப்பக்கம் வரும். ஆகவே போகும்போது வலப்புறத்திலும் திரும்பும்போது இடப்புறத்திலும் உட்காருங்கள். பெரிய படகில் ஏறியவுடன் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடுவார்கள். அங்கே காற்றும் வெயிலும் அதிகம், ஆட்டமும் அதிகம். குமட்டல்காரர்களுக்குக் கீழ்த்தளத்தின் நடுப்பகுதிதான் சரியான இடம்.

ஆறாம் படி: குடாக்களைப் பார்க்கும் வரிசை

உங்களுக்கு வரிசையைத் தீர்மானிக்கும் உரிமை இருந்தால், முதலில் நேராகத் தெற்குக் கோடிக்குப் போய், பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வடக்கே திரும்புங்கள். பெரிய படகுகள் வந்து சேரும் முன் தெற்கில் இருக்கலாம். மலை மிக உயர்ந்து நெருங்கியிருப்பதால் முதலில் நிழல் விழுவதும் அந்தப் பக்கத்துக் கரைகளில்தான்.

தெற்குக் கோடியில் இருப்பது காலா கொலோரிட்சே. 1962-இல் மலைச்சரிவில் உருவானதாகச் சொல்லப்படும் சின்னஞ்சிறு கரை இது. தலைக்கு மேலே 143 மீட்டர் உயரமுள்ள ஊசிப்பாறை ஒன்று நிற்கிறது, ஓரத்தில் இயற்கையான கல்வளைவு ஒன்று நீருக்குள் இறங்குகிறது. இது இயற்கை நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. 2025-இல் உலகின் சிறந்த கடற்கரைகளின் பட்டியல் ஒன்றில் முதலிடமும் பெற்றுவிட்டதால் கூட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். புதியவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி என்னவென்றால், படகில் வருபவர்கள் இந்தக் கரையில் இறங்கக் கூடாது. மிதவைகள் கட்டிய கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். கரையில் கால் வைக்க வேண்டும் என்றால் மேலே கோல்கோ பீடபூமியிலிருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டர் மலைப்பாதையில் நடந்து இறங்க வேண்டும். அதற்கும் முன்பதிவும் கட்டணமும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. ‘கொலோரிட்சேயில் இறக்கிவிடுகிறேன்’ என்று யாராவது விற்றால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதற்கும் குறையில்லை. காலை ஒன்பதரைக்குக் கிழக்கு வெயில் ஊசிப்பாறையின் முகத்தில் நேராக விழும்போது, சுண்ணாம்புக்கல் வெண்ணெய் நிறத்தில் மின்னும். நிலத்தடிச் சுண்ணாம்புக் குகைகளில் ஓடிவரும் நன்னீர் இங்கே கடலுக்கடியில் ஊற்றாக வெளிப்படுவதால், வெதுவெதுப்பான நீரில் நீந்திக்கொண்டிருக்கும்போதே சில்லென்று ஒரு பட்டை குறுக்கிடும்.

வடக்கே திரும்பினால் கப்பியானிக் குடாவும் அதை ஒட்டிக் காலா மரியோலுவும். நான் நாள் முழுவதும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்றால் மரியோலுவில்தான் இருப்பேன். கரையில் கிடப்பவை வெள்ளையும் இளஞ்சிவப்புமான உருண்டைக் கற்கள். சுண்டைக்காய் அளவிலிருந்து முட்டை அளவு வரை. பவுனெய் மக்கள் தம் மொழியில் இந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயருக்குப் ‘பனித் தெள்ளுப்பூச்சிகள்’ என்று பொருள். ‘மரியோலு’ என்றாலோ திருடன். மீனவர்களின் வலையிலிருந்து மீனைத் திருடித் தின்ற கடல்நாயை அப்படித் திட்டினார்களாம். ஒரு கையளவு கல்லை நீருக்குள் எடுத்துச் சென்று, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அலை திரும்பும்போது கேளுங்கள்: ஆயிரம் கற்கள் ஒரே சமயத்தில் உருளும் ஓசை, அரிசி களையும் சத்தம்போல் காதில் விழும். எடுத்த கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பதினொரு மணிக்கு முன் இங்கே இருப்பது நல்லது. அதன்பின் பெரிய படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறக்கும்.

மரியோலுவுக்கு வடக்கே ‘வீனஸ் குளங்கள்’ என்று பெயர் பெற்ற இடத்தில், செங்குத்துப் பாறையின் அடியில் நீர் மிகத் தெளிவாக இருக்கும். கரையில்லை, படகிலிருந்து குதிப்பதற்கான இடம். அதன் பக்கத்தில் ஃபீகோ குகையும், மேலே காடு கவிந்த காலா பிரியோலாவும், அகன்ற ஓடைப்பள்ளத்தாக்கின் வாயில் கிடக்கும் காலா சிசினேயும் அடுத்தடுத்து வரும். நேரம் குறைவாக இருந்தால் சிசினேயை விட்டுவிடலாம்.

காலா லூனாவைப் பிற்பகலுக்கு வையுங்கள். இது நீண்ட மணற்கரை. பின்னால் மலைச்சுவருக்குப் பதில் அகன்ற பள்ளத்தாக்குத் திறந்திருப்பதால் மற்றக் கரைகளைவிட இங்கே வெயில் சற்று நேரம் நிற்கும். ஓரத்தில் வரிசையாகப் பெரிய குகைகள் வாய்பிளந்து நிற்கின்றன. உச்சி வெயிலில் அவற்றின் நிழலில் துண்டை விரித்துப் படுத்தால், குகை வாயே சட்டமாக, அதற்குள் ஒரு துண்டுக் கடல் தெரியும். கரைக்குப் பின்னால் ஓடை தேங்கிய குட்டையும் அதைச் சுற்றி அரளிப் புதர்களும் உள்ளன. கூட்டம் என்னவோ எப்போதும் உண்டு.

கடைசியாக, துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில், புவே மரீனோ குகை. பெயருக்குக் ‘கடல் எருது’ என்று பொருள். மத்தியதரைக் கடல்நாயைத்தான் உள்ளூர்க்காரர்கள் அப்படி அழைத்தார்கள். அவை குட்டி போட்டு வளர்த்த குகை இது. இப்போது அவை இங்கே இல்லை. வழிகாட்டியோடு மட்டும், குறித்த நேரங்களில் மட்டும் உள்ளே விடுவார்கள். சுமார் 900 மீட்டர் நடைபாதை உண்டு. நுழைவாயிலில் உள்ள பாறையில், சூரிய வட்டத்தைச் சுற்றி ஆடுவதுபோன்ற மனித உருவங்களைப் புதிய கற்கால மக்கள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி விளக்கடித்துக் காட்டாவிட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும். பிற்பகல் வெயிலை இழந்துவிட்ட நேரத்தைக் குகைக்குக் கொடுப்பதில் நட்டமில்லை. உள்ளே குளிரும் என்பதால் ஈர உடையோடு போக வேண்டாம்.

கரையில் இறங்குவது பற்றி ஒரு சொல். பெரிய படகு தன் அணியத்தை, அதாவது முன்முனையை, கரையில் முட்டும்படி நிறுத்தி, குறுகலான பலகைப் பாலம் ஒன்றை இறக்கும். அலை வந்தால் பாலத்தின் நுனி மேலெழும், போனால் கீழிறங்கும். ஊழியர் கை நீட்டி ‘இப்போது’ என்று சொல்லும்வரை நில்லுங்கள். இரு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும், கைப்பேசி பைக்குள். திரும்ப ஏறும் நேரத்தை ஊழியரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை இந்தக் குடாக்களில் பெரும்பாலும் கிடைக்காது. தவறவிட்டால் யாரையும் அழைக்க முடியாது.

நீங்களே படகை ஓட்டினால்

வாடகைக்குத் தருபவர் புறப்படும் முன் ஒரு செய்முறை விளக்கம் தருவார். அவசரப்படாமல் கேட்டு, தெரியாததைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள். வரைபடத்தில் நுழையக் கூடாத இடங்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். படகில் முன்பே இருக்கும் கீறல்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது, மாலையில் வீண் வாதத்தைத் தவிர்க்கும்.

இன்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுருள்கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டிலோ தொடையிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் நீரில் விழுந்தால் இன்ஜின் தானே நின்றுவிடும். இதைத் தொந்தரவென்று கழற்றி வைப்பதைப் போன்ற மடமை வேறில்லை. கடற்கரைகளிலிருந்து 200 மீட்டருக்குள், மிதவைகளால் குறித்த வழியைத் தவிர, இன்ஜினோடு நுழையக் கூடாது. ஆகவே பல இடங்களில் நீங்கள் வெளியே நங்கூரமிட்டு நீந்தித்தான் கரை சேர வேண்டியிருக்கும். யாராவது நீரில் இருக்கும்போது இன்ஜினை முழுவதும் அணைத்துவிடுங்கள். ‘நியூட்ரலில்தானே இருக்கிறது’ என்று விடுவது போதாது.

நங்கூரம் போடுவதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். கீழே பாருங்கள்: வெளிர் நீலமாகத் தெரிவது மணல், கரும்பச்சைத் திட்டாகத் தெரிவது பொசிதோனியா என்னும் கடற்புல். அந்தப் புல்லில் நங்கூரம் போடாதீர்கள்; மீன்கள் குஞ்சு வளர்க்கும் இடம் அது, அறுந்தால் மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். மணல் திட்டின் மேல் காற்றை எதிர்த்து அணியத்தை நிறுத்தி, நங்கூரத்தை வீசாமல் கையால் மெல்ல இறக்கி, ஆழத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு நீளத்துக்குக் கயிற்றைத் தளர விட்டு, பிறகு கட்டுங்கள். அதன்பின் ஐந்து நிமிடம் படகிலேயே இருந்து, கரையிலுள்ள ஏதேனும் ஒரு பாறையையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கவனியுங்கள். அந்தக் கோடு விலகினால் நங்கூரம் இழுபடுகிறது. மீண்டும் போட வேண்டும். செங்குத்துப் பாறையின் அடியை ஒட்டி நிற்கவே வேண்டாம், மேலிருந்து கற்கள் விழும். மலையாடுகளின் காலடியில் பெயர்ந்து வருவதும் உண்டு.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்று கணக்கு வையுங்கள். பிற்பகல் காற்றில் திரும்பும்போது கூடுதலாகவே செலவாகும். ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1530. பொது அவசர எண் 112. கைப்பேசி எடுக்காத இடத்தில் படகிலுள்ள வானொலியில் 16-ஆம் அலைவரிசை.

கரைக்குத் திரும்பிய பின்

படகை ஒப்படைக்கும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். மாலையில் எரிபொருள் நிரப்ப வரிசை இருக்கும். நிலத்தில் நின்றாலும் அன்றிரவு படுக்கை ஆடுவதுபோல் தோன்றும், அஞ்ச வேண்டியதில்லை. இரவு உணவுக்கு ‘குலுர்ஜோனெஸ்’ கேட்டுப் பாருங்கள்: உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் புதினாவும் அடைத்து, வாயைக் கோதுமைக் கதிர்போலப் பின்னி மூடிய மாவுப் பண்டம், நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. சில சமையற்கட்டுகளில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஊருக்குத் திரும்பும் முன் பைகளை எல்லாம் நன்றாக உதறிவிட வேண்டும். சார்டினியாவின் கரைகளிலிருந்து மணல், கல், சங்கு எதை எடுத்தாலும் குற்றம். 2017-இல் இயற்றிய சட்டப்படி அபராதம் 500 யூரோவிலிருந்து 3000 யூரோ வரை. விமான நிலையங்களில் பைகளில் பிடிபட்டவர்கள் உண்டு. பெரியவர்களைவிடப் பிள்ளைகளைச் சோதியுங்கள். மரியோலுவின் இளஞ்சிவப்புக் கல் ஒன்றாவது அவர்கள் கால்சட்டைப் பையில் இருக்கும்.